கடன்பட்டோர்க்குப் போட்டி உண்டோ?
பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர் வணிகம் பற்றியதொரு மறுவிசாரணை

ஓர் ஊரில் ஒரு பலசரக்குக் கடை இருப்பதிலும் இரண்டு இருப்பது நன்று. இருபது இருப்பின் அதனினும் நன்று. இக்கருத்தினை 1776ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அடம் சிமித் தெளிவாகவே எடுத்துரைத்துள்ளார். கடைக்காரர் இருவருக்கிடையே எழும் போட்டி இருவரையும் மலிவாக விற்கச் செய்யும் என்பதும், கடைகள் பெருகப் பெருக அவர்கள் தம்முட் கூடி விலையை உயர்த்தும் வாய்ப்பு அருகும் என்பதும், அப்போட்டியிலே சிலர் அழிந்துபோயின் அது அவரவர் கவனித்துக்கொள்ள வேண்டிய விடயமேயன்றிப் பிறருக்கு உரியதன்று என்பதும் அவர் வாதத்தின் சாரமாகும். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின்னரும் பொருளியற் பாடநூல்களின் முதல் அத்தியாயங்களில் இவ்வாதம் பெருமாற்றம் எதுவுமின்றி இடம்பெற்று வருகின்றது. மாணவன் அதனை மனனஞ் செய்கின்றான், விடைத்தாளில் எழுதுகின்றான், நாளடைவில் அதனை ஓர் இயற்கை விதியாகவே ஏற்றுக்கொண்டும் விடுகின்றான்.

இவ்விதிக்கு உதாரணம் தேடுவோர் விரும்பி நாடும் இடங்களுள் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் சிற்றூர்க் கடைத்தெருவாகும். நடுவிலே கணப்படுப்பு, அதனைச் சூழ அமர்ந்து ஊர்க்கதை பேசும் கமக்காரர், ஓரத்திலே விசுக்கோத்துப் பீப்பா, மேசைக்குப் பின்னே எல்லோரையும் பெயர்சொல்லி அழைக்கும் முகமலர்ந்த கடைக்காரர் என்றவாறான சித்திரம் நாவல்களாலும் திரைப்படங்களாலும் உலகெங்கும் பரப்பப்பட்டுள்ளது. தவறுதலாகக் கூடுதலாக வாங்கிய சில சதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பல மைல் நடந்து சென்ற கடைச் சிப்பந்தியென ஆபிரகாம் லிங்கனைப் பற்றிக் கூறப்படும் கதையோ பள்ளிப் பாடமாகவே ஆகிவிட்டது.

இச்சித்திரம் முற்றிலும் பொய்யெனக் கூறுவதற்கில்லை. சிற்றூர் வணிகரிடையே போட்டி இருந்தது. அது கடுமையாகவும் இருந்தது. ஆனால் அப்போட்டி எதன் பொருட்டு நிகழ்ந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது, யார் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்னும் வினாக்களை எழுப்பாது, போட்டி இருந்தது என்பதொன்றையே கொண்டு மக்கள் நலன் பேணப்பட்டது என முடிவு கட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். அவ்வணிகர் போட்டியிட்டது பொருளை மலிவாக விற்பதற்கு மட்டுமன்று. வாங்குவோனைத் தமக்கே உரியவனாக ஆக்கிக்கொள்வதற்குமாகும். இவ்விரண்டும் வேறு வேறானவை. இவ்வேறுபாட்டை உணராதவரை அமெரிக்கக் கமக்காரனின் நீண்ட கடன் வரலாறு விளங்காது.

இருபத்தைந்து குடும்பங்களும் ஐந்து கடைகளும்

லிங்கனின் பெயரோடு தொடர்புடைய ஊரையே முதலில் நோக்கலாம். இலினோய் மாநிலத்தில் சங்கமன் ஆற்றங்கரையில் 1829இல் தோன்றிய நியூ சேலம், தன் உச்சநிலையிற்கூட ஏறத்தாழ இருபத்தைந்து குடும்பங்களையே கொண்டிருந்தது. சுற்றுப்புறக் கமக்காரரையும் சேர்த்தே அதன் சந்தையைக் கணிக்க வேண்டும். அத்தகைய ஊரில் 1829க்கும் 1833க்கும் இடையில் ஹில்–மக்நீல் கடை, ஒஃபட் கடை, ஹேர்ண்டன் சகோதரர் கடை, ராட்ஃபோட் கடை, பெரி–லிங்கன் கடை என ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகள் தோன்றின. அடம் சிமித்தின் கண்கொண்டு நோக்குவோர்க்கு இது ஒரு பொற்காலமாகத் தோன்றும்.

நிகழ்ந்தது யாது? ஒஃபட்டின் கடை ஓராண்டளவிலேயே நொடித்தது. ராட்ஃபோட்டின் கடையை அயலூர் முரட்டு இளைஞர் கூட்டமொன்று சூறையாட, அவர் எஞ்சிய சரக்கை வந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினார். அச்சரக்கு கைமாறிப் பெரி–லிங்கன் கடையை வந்தடைந்தது. அதற்கு அவ்விருவரும் கொடுத்தது பெரும்பாலும் கடன் பத்திரங்களே. அவர்களது கடையும் நிலைக்கவில்லை. 1835இல் பெரி இறந்தபோது கூட்டுக்கடன் முழுவதும் லிங்கனின் தலைமேல் வீழ்ந்தது. ஏறத்தாழ 1,100 டொலரான அக்கடனை 'தேசியக் கடன்' எனப் பரிகாசமாகக் குறிப்பிட்டு வந்த அவருக்கு அதனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் சென்றன. அவருடைய குதிரையும் நிலவளவைக் கருவிகளும் கடனுக்காக ஏலத்தில் விடப்பட, நண்பரொருவர் அவற்றை வாங்கி மீளக்கொடுத்தார் என்பதும் வரலாறாகும். ஈற்றில் ஊரே நிலைக்கவில்லை. 1839இல் புதிய மாவட்டமொன்று வகுக்கப்பட்டு அதன் தலைமையிடம் அயலிலுள்ள பீற்றர்ஸ்பேக் நகருக்குச் சென்றதும் வாடிக்கையாளரும் கடைக்காரரும் அங்கே பெயர்ந்தனர்; நியூ சேலம் வெறிச்சோடியது.

இவ்வழிவுகள் சம்பந்தப்பட்டோர் மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டியவை என ஒதுக்கிவிட முடியாது. கடையொன்று நொடிக்கும்போது அதன் பேரேட்டில் உள்ள கடன்கள் நொடிப்பதில்லை. அவை கடன் கொடுத்தோரின் கைக்குச் சென்று கமக்காரனிடமே அறவிடப்படும். புதிய கடைக்காரனோ முன்னவனின் அழிவிலிருந்து கற்றுக்கொண்ட அச்சத்தையும் தன் விலையிற் சேர்த்தே விற்பான். போட்டியின் செலவை ஈற்றில் செலுத்துவோன் வாங்குவோனே.

போட்டியின் ஆயுதங்கள்

கமக்காரனின் கையிற் பணம் புழங்குவது அறுவடைக் காலத்திலேதான். ஏனைய மாதங்களில் உப்பு, கோப்பி, சீனி, துணி, ஆணி, மருந்து யாவும் கடனுக்கே வாங்கப்பட்டன. ஆகவே கடைக்காரனின் முதல் ஆயுதம் விலைக்குறைப்பன்று, கடனே. பணம் கொடுப்போனுக்கு ஒரு விலை, தவணைக்கு வாங்குவோனுக்கு வேறொரு விலை என்னும் இரட்டை விலைமுறை எங்கும் வழக்கிலிருந்தது. பொருளின்மீது விற்பனை விலை எழுதப்படாமையும் பொதுவான வழக்கமாகும். அதற்குப் பதிலாகக் கொள்விலையை மறைமொழியாற் குறித்து வைப்பர். எழுத்துகள் மீண்டும் வராத பத்தெழுத்துச் சொல்லொன்றைத் தெரிந்து, ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கத்தைக் குறிப்பதாகக் கொள்வர். கடைக்காரனுக்கு அடக்கவிலை தெரியும், வாங்குவோனுக்குத் தெரியாது. ஆளின் முகத்தையும் உடையையும் கடன் கணக்கையும் நோக்கி விலை கூறப்படும். தகவல் யாவும் ஒரு பக்கத்திலும் தேவை யாவும் மறுபக்கத்திலும் இருக்கும் இத்தகைய பேரத்தைச் சமநிலைப் போட்டி எனக் கூறுவோர் பேரம் என்பதையே அறியாதோராவர்.

இரண்டாவது ஆயுதம் தபாற்கந்தோர். அக்காலத்திற் கிராமத் தபாற்கந்தோர் பெரும்பாலும் கடையொன்றின் மூலையிலேயே இயங்கியது. கடிதம் பெற வரும் குடும்பம் ஏதாவதொன்றை வாங்காமற் செல்லாது. எனவே தபாலதிபர் பதவி அரசியற் செல்வாக்கினாற் பெறப்படும் வணிக மூலதனமாயிற்று. குடிவகை மற்றோர் ஆயுதம். கடையின் பின்புறத்துப் பீப்பாவிலிருந்து ஒரு குவளை இலவசமாக வழங்கி வாடிக்கையாளனைத் தன்வயப்படுத்தும் வழக்கம் பரவலாக இருந்தது.

வெண்ணெய் வணிகம் இப்போட்டியின் இயல்பை இன்னும் தெளிவாகக் காட்டும். கமக்காரப் பெண்கள் வீட்டிற் கடைந்த வெண்ணெயையும் முட்டையையும் கடையிற் கொடுத்துப் பண்டங்களைப் பெற்றனர். தரங்குறைந்த வெண்ணெய்க்குக் குறைந்த விலை கொடுத்தால் அக்குடும்பம் சினந்து மறுகடைக்குச் சென்றுவிடும். அதனாற் கடைக்காரன் நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே விலையே கொடுத்தான். துப்புரவாகக் கடைந்து உப்பிட்டுப் பேணிய பெண்ணின் உழைப்புக்கு மேலதிகப் பயன் எதுவுங் கிட்டவில்லை. எல்லாம் ஒரே பீப்பாவிற் கலந்து நகரை அடைந்தபோது 'கடை வெண்ணெய்' என்பது இழிபொருளைக் குறிக்கும் சொல்லாயிற்று. போட்டி தரத்தை உயர்த்தும் என்னும் வாய்பாட்டுக்கு இதனிலும் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை. இங்கே தரத்தைத் தாழ்த்தியது போட்டியின்மையன்று, போட்டியே.

கடைக்காரனைத் தனிமனித நிலையிற் குற்றஞ்சாட்டி அமைவதும் பிழையாகும். அவனும் ஒரு சங்கிலியின் கண்ணியே. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பிலடெல்பியா, போல்ற்றிமோர், நியூயோர்க் ஆகிய நகரங்களுக்குச் சென்று, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையான தவணைக்குச் சரக்கெடுத்து வந்தவன் அவன். 1837ஆம் ஆண்டு நெருக்கடியில் இத்தவணைக் கடன்கள் குலைந்தபோது நகரத்து மொத்த வணிகர் பலர் வீழ்ந்தனர். அந்நெருக்கடியில் நொடித்த பட்டு வணிக நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் டப்பான் 1841இல் நியூயோர்க்கில் வணிகத் தகவல் நிலையமொன்றை நிறுவினார். ஒவ்வொரு சிற்றூர்க் கடைக்காரனதும் ஆதனம், குடிப்பழக்கம், குடும்ப நிலை, நாணயம் என்பன உள்ளூர் வழக்கறிஞர் முதலியோரால் எழுதியனுப்பப்பட்டுப் பேரேடுகளிற் பதியப்பட்டன. கடை நடத்தித் தோற்ற லிங்கனே பின்னாளில் வழக்கறிஞராக அந்நிறுவனத்துக்குத் தகவல் எழுதியோருள் ஒருவராய் விளங்கினார். கமக்காரனின் கணக்கைக் கடைக்காரன் எழுதினான். கடைக்காரனின் கணக்கை நகரத்து மூலதனம் எழுதியது.

தெற்கின் விளைச்சல் ஈடு

வடக்கிலும் மேற்கிலும் நிலம் கமக்காரனுக்குச் சொந்தமாயிருந்த இடங்களிற் கடைகளின் போட்டி ஓரளவு பயனளித்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நிலமற்றோரின் நாடாகிய தெற்கில் நிலைமை முற்றிலும் வேறாகும். உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றபோது நான்கு மில்லியன் அளவினரான கறுப்பு மக்கள் அடிமைத்தளையினின்றும் விடுபட்டனர். நிலமோ பழைய உடைமையாளரிடமே இருந்தது. தெற்கின் வங்கிகள் போரோடு அழிந்தன. 1860களின் தேசிய வங்கிச் சட்டங்கள் சிறு நகரில் வங்கி தொடங்குவதற்குங்கூட 50,000 டொலர் மூலதனம் வேண்டுமெனவும், நிலத்தை ஈடாகக் கொண்டு கடன் வழங்கலாகாதெனவும் விதித்தன. இவ்வெற்றிடத்திலே கிராமத்துக் கடைக்காரன் வங்கியாளனானான்.

தென் மாநிலங்கள் இயற்றிய விளைச்சல் ஈட்டுச் சட்டங்கள் அவனுக்கு வழிவகுத்தன. விதைக்கப்படாத பயிரையே ஈடாக எழுதிக்கொடுத்து வாரக்குடி இளவேனிலில் இறைச்சியும் சோளமாவும் கடனாகப் பெறுவான். மாரியின் முன் பருத்தி முழுவதையும் அதே கடையிற் சேர்ப்பான். கணக்குத் தீராதவிடத்து எஞ்சிய கடன் அடுத்த ஆண்டின் ஈட்டிற் சேரும். ஒரு கடைக்கு ஈடு எழுதிய நாளிலிருந்து வேறெந்தக் கடையும் அவனுக்கு ஒரு பிடி உப்பையேனும் கடனாகக் கொடாது. ஏனெனில் அவன் விளைச்சலில் முதலுரிமை முன்னவனுக்கே. தெருவின் எதிர்ப்புறத்திலே வேறு இரு கடைகள் மலிவாக விற்கட்டும். அவை அவனைப் பொறுத்தவரை வேறு கண்டத்தில் உள்ளனவே. உணவுப்பயிரை விடுத்துப் பருத்தியையே பயிரிடுமாறு கடைக்காரன் வற்புறுத்தினான். பருத்தி பணமாகும், அத்துடன் அதனை உண்ண முடியாது. ஆகவே பருத்தி விளைத்தவன் சோளத்தையும் கடையிலேயே கடனுக்கு வாங்கினான். 1894இல் பருத்தி விலை இறாத்தலுக்கு 5 சதத்திலும் கீழாக வீழ்ந்தபோது, விலை வீழ வீழக் கூடுதலாகப் பயிரிடவேண்டிய கொடுமைக்கு இம்மக்கள் ஆளாயினர்.

றொஜர் றான்சம், றிச்சட் சச் ஆகிய இரு பொருளியல் வரலாற்றாசிரியர் 1977இல் வெளியிட்ட 'ஒருவகைச் சுதந்திரம்' என்னும் நூலில் இதனைப் 'பிரதேச ஏகபோகம்' என விளக்கினர். ஜோர்ஜியா மாநிலத்தில் 1880களில் நிலவிய பண விலையையும் தவணை விலையையும் ஒப்பிட்டு, மறைமுக வட்டி ஆண்டுக்கு 60 சதவீதத்தை அண்மியிருந்தது என அவர்கள் கணித்தனர்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். பல சந்திகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. வாரக்குடிகள் ஆண்டு முடிவில் இடம்பெயர்ந்தனர். கடைக்காரரும் அடிக்கடி நொடித்தனர். உயர்ந்த வட்டி உயர்ந்த ஆபத்தின் விலையே. ஆகவே இதனை ஏகபோகம் எனல் பொருந்தாது என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் கவனத்துக்குரியதே. எனினும் அது நிறுவுவது யாது? கடைகள் பல இருந்தன என்பதையே. ஆண்டுக்கொருமுறை ஓர் ஈட்டிலிருந்து மற்றோர் ஈட்டுக்கு மாறும் உரிமையைத் தெரிவுச் சுதந்திரம் எனக் கூறுவது, சிறைக்கூடம் மாற்றப்பட்ட கைதியை விடுதலை பெற்றவன் எனக் கூறுவதை ஒக்கும். ஆபத்தின் விலை என்பதோ சுழல்வாதமாகும். அத்தகைய வட்டியும் ஒற்றைப்பயிரும் கமக்காரனை வறியவனாக்கின. வறியவனானதால் அவன் ஆபத்தானவனானான். ஆபத்தானவனானதால் வட்டி உயர்ந்தது. நோயை உண்டாக்கியவனே நோயாளியின் பலவீனத்துக்காகக் கூடுதற் கட்டணம் கேட்பது எவ்வகை நீதி?

உண்மைப் போட்டி வந்தபோது

போட்டியின் பக்தர்கள் எல்லோரையும் நோக்கி ஒரு வினா எழுப்பலாம். சிற்றூர் வணிகர் போட்டியை உண்மையாகவே ஏற்றுக்கொண்டோராயின், புதிய போட்டியாளர் வந்தபோது அவர்கள் செய்தது யாது?

1867இல் தோன்றிய கிறேஞ்ச் என்னும் கமக்காரர் சங்கம் இடைத்தரகரை நீக்க முயன்றது. அச்சங்கத்தினரை நோக்கியே 1872இல் ஆரோன் மொன்ற்கொமரி வோட் சிக்காகோவில் 163 பொருட்களைக் கொண்ட ஒற்றைத்தாள் விலைப்பட்டியலை வெளியிட்டார். விலை அச்சிலே இருந்தது. கமக்காரனுக்கும் நிலக்கிழானுக்கும் அதே விலை. 1893இல் சியேர்ஸ் றோபக் நிறுவனமும் இத்துறையில் நிலைகொண்டது. 1896இல் கிராமங்களில் வீடுவீடாகத் தபால் விநியோகம் தொடங்கியதும் தபாற்கந்தோர் என்னும் பழைய ஆயுதமும் கடைக்காரனின் கையிலிருந்து நழுவியது. அப்போது சிற்றூர் வணிகர் விலையைக் குறைத்துப் போராடுவதோடு அமையவில்லை. விலைப்பட்டியல்களைச் சேகரித்துப் பொது இடங்களில் எரியூட்டினர். அவற்றைக் கொணர்வோருக்குப் பரிசளித்தனர். சியேர்சும் றோபக்கும் கறுப்பரென வதந்தியும் பரப்பினர். பெரிய பொதிகளைத் தபாலில் அனுப்பும் முறையை எதிர்த்துத் தனியார் பொதிக்கம்பனிகளோடு கைகோத்து நின்றனர். 1913 சனவரி முதலாந் திகதி வரை அமெரிக்கத் தபாலில் 4 இறாத்தலுக்கு மேற்பட்ட பொதியை அனுப்ப முடியாதிருந்தமைக்கு இவ்வெதிர்ப்பும் ஒரு காரணமாகும்.

விலைப்பட்டியற் கம்பனிகளும் மக்கள் தொண்டர் அல்லர். அவை பெரும்பாலும் பணத்துக்கே விற்றன. ஈட்டில் அமிழ்ந்தவனுக்கு அவ்வழியும் பெரிதும் அடைபட்டிருந்தது. எனினும் கடையில் வெள்ளையர் யாவரும் வாங்கி முடியும்வரை காத்துநின்ற கறுப்பு மனிதன், சிறிது பணம் கையிற் கிடைத்தபோது தபால்மூலம் தலைநிமிர்ந்து வாங்க முடிந்தது.

கறுப்பு மக்கள் தாமே போட்டியாளராக எழுந்தவிடத்து எதிர்ப்பு எரிந்த காகிதத்தோடு நிற்கவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் லெஃப்ளோர் மாவட்டத்திற் கறுப்புக் கமக்காரர் ஒன்றியத்தினர் உள்ளூர்க் கடைகளை விடுத்து டூரன்ற் நகரிலிருந்த கூட்டுறவுக் கடையோடு கொடுக்கல் வாங்கல் செய்யலாயினர். 1889 செப்ரெம்பரில் ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டங்கள் அவர்களை வேட்டையாடின. இறந்தோர் தொகையைப் பற்றிய கணக்குகள் வேறுபடுகின்றன. ஏறத்தாழ இருபத்தைந்து பேர் என்பது பலரும் கூறுவது. ஒன்றியத்தோடு வணிகம் செய்யலாகாதென அக்கூட்டுறவுக் கடைக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மெம்பிஸ் நகரின் புறத்தே, அதுவரை வெள்ளையரொருவரின் கடை ஏகபோகமாக விளங்கிய பகுதியில், கறுப்பர் கூட்டாக 'மக்கள் பலசரக்குக் கடை' என ஒன்றை நடத்தினர். 1892 மார்ச் 9ஆம் திகதி அதனோடு தொடர்புடைய தோமஸ் மொஸ், கல்வின் மக்டவல், வில் ஸ்ருவேட் ஆகிய மூவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். இதனைக் கண்டித்தெழுந்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அம்மையார், அம்மூவரும் செய்த குற்றம் வணிகத்தில் வெற்றி பெற்றமையே என்பதை உலகறியச் செய்தார். சில வாரங்களில் அவருடைய அச்சகமும் அழிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் இனவெறியின் செயல்கள், பொருளியலுக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிட முற்படுவோர் உளர். அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. யார் வாங்கலாம், யார் விற்கலாம், யார் வெளியேறலாம் என்பதை வன்முறை தீர்மானித்த சந்தையில், அவ்வன்முறையே சந்தையின் விதியாகும். வெள்ளை, கறுப்பு என்னும் பேதத்தைக் கடந்த நிலையிலுங்கூட மூலதனத்தின் கதவு அடைபட்டேயிருந்தது. ரெக்சாஸ் கமக்காரர் ஒன்றியம் 1887இல் டல்லாஸ் நகரில் அமைத்த மாபெரும் கூட்டுறவு நிலையம், வங்கிகள் கடன் மறுத்தமையால் தத்தளித்து 1889இல் மூடப்பட்டது. கமக்காரன் அரசியலை நோக்கித் திரும்பியதும், 1892இல் மக்கள் கட்சி எழுந்ததும் இத்தோல்வியின் பாடத்தினாலேயே. கடைத்தெருவிற் கிடைக்காத விடுதலையைக் கடை மாறுவதாற் பெறமுடியாது என அவர்கள் உணர்ந்தனர்.

ஒத்த தொழிலினர் ஒன்றுகூடும்போது அவர்தம் உரையாடல் பொதுமக்களுக்கு எதிரான சூழ்ச்சியாகவே முடியும் என எச்சரித்தவரும் அடம் சிமித்தே. அவர் பெயரால் வாதிடுவோர் முதற்பக்கத்தை மனனஞ் செய்து இப்பக்கத்தை மறந்துவிடுகின்றனர். ஒரு சந்தையின் நேர்மையை அளக்கும் அளவுகோல் கடைகளின் தொகையன்று. அங்கு வாங்குவோன் கடனின்றி உள்ளே நுழைய முடியுமா, அச்சமின்றி வெளியேற முடியுமா, தான் விரும்பின் எதிரே ஒரு கடையைத் திறக்க முடியுமா என்னும் மூன்று வினாக்களே அவ்வளவுகோலாகும். அமெரிக்கத் தெற்கின் வாரக்குடிக்கு இம்மூன்றுக்கும் கிடைத்த விடை 'இல்லை' என்பதே. கடைத்தெருவின் நீளத்தைக் காட்டி அவ்விடையை மறைக்க முயலும் பொருளியல், விஞ்ஞானம் என்னும் பெயருக்கு உரியதன்று. அது கடைக்காரனின் பேரேடேயாகும்.